மாப்பிள்ளைக் கட்டிலும் கோழிச் செள்ளும்

பொழுது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். சிலமலையில் என் மாமனார் வீட்டுக் கிணற்றடியில், மேல்துண்டைத் துவைகல்லில் போட்டுவிட்டுக் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மாமியார் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்தார். வந்தவர் என் முதுகைப் பார்த்தார். செம்பு கை நழுவி விழுந்தது. மோர் என் காலடியில் ஓடி வாழைக்குப் போயிற்று.

"அடியே பேச்சி, உங்கய்யாவ வெரசா கூப்புடு. மாப்ளைக்கு ஆத்தா முத்துப் போட்டுட்டா."

அம்மை வந்ததை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மாரியம்மன் உடம்பில் முத்துப் போட்டுவிட்டாள் என்றால், அவளே வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறாள் என்று பொருள். அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவன் நான். எனக்கு மேலே பெரிய விருந்தாளி ஒருத்தி வந்துவிட்டாள்.

எனக்குக் காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, நல்ல பசி இருந்தது. முதுகிலும் இடுப்பிலும் கைகளிலும் சிவப்புச் சிவப்பாய்த் தடிப்பு. உயிர் போகிற அரிப்பு. "எனக்கு ஒண்ணுமில்லத்தே, அரிக்குது, அவ்வளவுதான்" என்றேன்.

"அப்படிச் சொல்லப்படாது மாப்ளே, ஆத்தா கோவிச்சுக்குவா" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

விருந்தும் கட்டிலும்

சென்ற வாரம் இந்தத் தொடரில் என்னை மணவறையில் உட்கார வைத்தபடியே எழுத்தை நிறுத்திவிட்டேன். மாலை வாடுவதற்குள் எழுந்து மறுவீட்டுக்குப் போயாக வேண்டும். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை சில நாள் பெண் வீட்டில் தங்கி, விருந்து தின்று, பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளம்புவது வழக்கம். எங்கள் வீடு போடியில். ஆனால் என் சோலியெல்லாம் மலைமேல். அடிவாரத்து முந்தலைத் தாண்டி மேலே ஏறினால் சரிவில் எங்களுக்குச் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம் உண்டு. காய் எடுப்புத் தொடங்குகிற பருவம். மறுவீடு முடிந்தவுடன் என் புதுப் பெண்டாட்டி பேச்சியும் நானும் மலையேறுவதாக ஏற்பாடு.

இதெல்லாம் ஜெர்மன் சண்டைக்கு முந்தியா பிந்தியா என்று கேட்காதீர்கள். ஏலக்காய் மூட்டையெல்லாம் பொதிமாட்டிலும் கழுதையிலும் இறங்கிய காலம். அது போதும்.

என் மாமனார் சிலமலையில் நாலு பேர் மதிக்கிற சம்சாரி. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. வார்த்தை கொஞ்சம், மானம் அதிகம். போடிக்காரன் மகனுக்குப் பெண்ணைக் கொடுத்திருக்கிறோம், உபசாரத்தில் ஒரு சொட்டுக் குறை வந்துவிடக்கூடாது என்பது அவர் கவலை. ஆகவே காலையில் இட்லிக்குக் கோழிக் குழம்பு. மத்தியானம் கோழி வறுவல். ராத்திரி, வயிறு கனமாக இருக்கும் என்று, கோழி ரசம். அந்த வீட்டுக் கோழிகள் ஒவ்வொன்றாக என் இலைக்கு வந்து சேர்ந்தன. போதும் போதும் என்று நான் இலையைக் கையால் மறைப்பேன். "மாப்ளைக்கு வெக்கம்" என்று விரல் சந்தில் ஒரு துண்டை வைத்துவிட்டுப் போவார் மாமியார்.

இந்த இடத்தை வாசித்துக் காட்டியபோது பேச்சி மறுத்தாள். "எங்க மறைச்சீக? கையி கோழித் தொடையில இருந்துச்சு" என்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு சாட்சி இருந்தால் இதுதான் கஷ்டம்.

இனிக் கட்டில். எனக்கென்றே தச்சனை வைத்து இழைத்த கயிற்றுக் கட்டில் அது. பின்பக்கத்து அறையில் போட்டிருந்தார்கள். அதற்குப் பெயரே மாப்பிள்ளைக் கட்டில். மாப்பிள்ளையைத் தவிர வேறு யாரும் அதில் உட்காரக்கூடாது என்று மாமனார் உத்தரவு. வீட்டிலிருந்த மற்றவர்கள் முன்வாசலில் காற்றாடப் படுப்பார்கள். இன்னும் நாள் குறிக்காததால் பேச்சியும் அவள் அம்மாவோடு அங்கேதான். நான் மட்டும் ராஜமரியாதையோடு உள்ளே படுத்து உருளுவேன்.

அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொடாப்பு இருந்தது. கொடாப்பு என்றால் கோழி அடைகிற கூடு. நாலு கால் நட்டு, மூங்கில் பட்டையால் சுற்றிக் கட்டி, மண் பூசி, உள்ளே குறுக்காக இரண்டு மூங்கில் கம்பு போட்டிருக்கும். கோழிகள் அந்தக் கம்பின்மேல் உட்கார்ந்து தூங்கும். அது அதுவரை கிணற்றடியில் வெயிலிலும் காற்றிலும் இருந்தது. கல்யாணப் பந்தலுக்கு இடம் வேண்டுமென்று நாலு பேர் தூக்கிவந்து, என் அறைச் சுவரோடு ஒட்டி நிழலில் வைத்துவிட்டார்கள். வைத்ததை யாரும் நினைவில் கொள்ளவில்லை.

வேப்பிலைப் படுக்கை

மாமனார் வந்தார். என்னைத் திருப்பி வைத்து முதுகைப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். அம்மையில் பட்டு மீண்டவர் என்பதால் அந்த ஊரில் அம்மை விஷயத்தில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

"ஆத்தாதான். சின்ன முத்து" என்றார்.

பூசாரி வந்தார். அவர் இன்னும் கவனமான மனிதர். வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, கழுத்தை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு, திருநீற்றை என் பக்கம் ஊதினார். நிலைப்படியில் வேப்பங்குலை ஏறியது. கட்டில் சுவரோரமாகச் சாய்க்கப்பட்டது. அறை நடுவில் தரையில் வேப்பிலையைப் பரப்பி அதன்மேல் என்னைக் கிடத்தினார்கள். அம்மன் இருக்கிற வீட்டில் கறி கிடையாது, தாளிப்புக் கிடையாது, கடுகு வெடிக்கக்கூடாது. முதல் நாள் வரை கோழி ரசம் குடித்தவனுக்குக் கம்பங்கூழும் இளநீரும் வந்தன.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. எனக்கு இயல்பிலேயே மூக்குக்குமேல் கோபம் வரும். ஆனால் புது மாப்பிள்ளைக்கு மூக்கு மட்டும்தான் உண்டு, கோபம் கிடையாது. படுத்துக் கிடந்தேன்.

அதில் ஒரே ஒரு நல்லது நடந்தது. பேச்சிக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்தது, காதோரம் இரண்டு தழும்பு உண்டு. ஆகவே பயமில்லாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள அவளைத்தான் விட்டார்கள். மஞ்சள் தண்ணீரில் குளித்துவிட்டு வந்து, நான் சொறிந்துகொள்ளாதபடி வேப்பங்குலையால் வீசிக்கொண்டிருப்பாள். அந்தக் காலத்தில் புருஷனும் பெண்டாட்டியும் பகலில் நாலு வார்த்தை பேசினாலே ஊர் சிரிக்கும். எங்களுக்கோ அம்மனே அனுமதி கொடுத்திருந்தாள்.

"அரிக்குதா?"

"ம்."

"சொறியப்படாது."

"சொறியல."

"சொறிஞ்சீக. நான் பாத்தேன்."

இதுதான் எங்கள் தாம்பத்தியத்தின் முதல் உரையாடல். பெரிய மாற்றமெல்லாம் இல்லை, இன்றைக்கும் ஏறக்குறைய இப்படித்தான் போகிறது.

பிறகு அவள் மலையைப் பற்றிக் கேட்டாள். சிலமலையில் எந்த வயலில் நின்றாலும் மேற்கே மலை தெரியும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே நாற்று நட்டவள், ஒரு நாளும் ஏறியதில்லை.

"சாயங்காலம் மேல புகை தெரியுமே, அது என்னது?"

"காய் காயவைக்கிற கூடத்துப் புகை. ராவும் பகலும் நெருப்பு இருக்கும்."

"மேகம் வீட்டுக்குள்ளயே வருமாமே?"

"கதவத் தெறந்து வச்சா அடுப்பங்கரை வரைக்கும் வரும்."

அவள் வீசுவதை நிறுத்திவிட்டாள். "நான் அதப் பாக்கணும்" என்றாள். யோசித்து எடுத்த முடிவைப் போல இருந்தது அவள் குரல். எனக்கு அப்போதே அவள்மேல் கொள்ளை ஆசை வந்துவிட்டது. அதைச் சொல்வதற்கு இத்தனை வயதில் என்ன வெட்கம்.

போன அம்மன் திரும்பி வந்தாள்

வேப்பிலையில் படுத்ததும் தடிப்புகள் வற்றத் தொடங்கின. பூசாரிக்குப் பெருமை. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றி, அம்மனை வழியனுப்பி வைத்தார்கள். வேப்பிலையைக் கூட்டி அள்ளிக்கொண்டுபோய் ஆற்றில் விட்டார்கள். மாப்பிள்ளைக் கட்டிலை மறுபடி சுவரோரம் போட்டு, மெத்தையை உதறி விரித்தார்கள். அன்று ஒரு கோழியும் அடித்தார்கள்.

மறுநாள் காலையில் என் உடம்பில் முன்னைவிட இரண்டு பங்கு தடிப்பு.

அப்போதுதான் வீட்டில் பேச்சு மாறியது. தண்ணீர் ஊற்றிய மறுநாளே திரும்பி வருகிற அம்மனை யாரும் கேள்விப்பட்டதில்லை. மாமனார் என்னை மறுபடி பார்த்தார். இந்த முறை தொட்டுப் பார்க்கவில்லை. அடுப்படியில் மாமனாரும் மாமியாரும் தாழ்ந்த குரலில் பேசியது சுவர் வழியாகக் கேட்டது.

"ஆத்தா இல்லன்னா பின்ன என்னது?" இது மாமியார்.

"தோல் நோவா இருந்தா? பெருவியாதியா இருந்தா? அவுக வீட்ல மறைச்சுக் கட்டிட்டாகளோ என்னமோ."

பெருவியாதி என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். குஷ்டத்தை அப்படிச் சொல்வார்கள். அந்தச் சொல் ஒரு வீட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப அழைக்க முடியாது. எனக்குப் பின்னால் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் இருந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் மாமனார் மிகுந்த மரியாதையோடு சொன்னார். "மாப்ளே, மலையில காய் எடுப்பு ஆரம்பிச்சிருச்சுங்கிறாக. நீங்க நாளைக்குக் கெளம்பிப் போயி சோலியப் பாருங்க. உடம்பு நல்லாத் தேறட்டும். புள்ள இங்கன இருக்கட்டும். அப்பறமா யோசிப்போம்."

அப்புறமா யோசிப்போம் என்றால் என்ன அர்த்தமென்று எனக்கும் தெரியும், வாசல் மறைவில் நின்ற பேச்சிக்கும் தெரியும். நாளைக்கு அவள் இல்லாமல் நான் மலையேறினால், அவள் மலையேறுகிற பேச்சு அத்தோடு சரி.

முருங்கை மரத்துக் கோழிகள்

அன்று பொழுது இறங்குகிற வேளையில் நான் கொல்லையில் ஓர் உரலின்மேல் உட்கார்ந்திருந்தேன். பேச்சி கோழிகளை அடைக்க வந்தாள். மிஞ்சியிருந்தது கொஞ்சம்தான். அதுவும் என் தயவால் அல்ல, அம்மன் தயவால். "பா... பா..." என்று கூப்பிட்டுக் கொடாப்பு வாயில் தவிட்டைத் தூவினாள். கோழிகள் தவிட்டைத் தின்றன. உள்ளே போகவில்லை. ஒவ்வொன்றாக எகிறி முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டன.

"எத்தன நாளா இப்படி?" என்றேன்.

"கல்யாணத்துலருந்து. கூட்டத்தப் பாத்து மெரண்டுருக்குன்னு அம்மா சொல்லுச்சு." அவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள். "கூட்டம் போயி எம்புட்டு நாளாச்சு. அடைகாத்த சாம்பக்கோழிகூட முட்டைய விட்டுட்டு எந்திரிச்சு வந்துருச்சு. கொண்டையெல்லாம் வெளுத்துப்போயிக் கெடக்கு."

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையைக் கொடாப்புக்குள் நுழைத்தாள். கோழி உட்காருகிற மூங்கில் கம்புக்கு அடிப்பக்கமாக விரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இழுத்தாள். வெளியே வந்து விரலைக் காட்டினாள். விரல் முழுக்க ரத்தம்.

"கையக் கிழிச்சுக்கிட்டயா?"

"என் ரத்தம் இல்ல." விரலை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். "உங்க ரத்தந்தான்."

அந்த ரத்தத்தில் பாதி நகர்ந்துகொண்டிருந்தது. கடுகில் பாதிகூடத் தேறாத பூச்சிகள். பசியில் இருந்தவை சாம்பல் நிறமாகவும், குடித்திருந்தவை சிவப்பாகவும் இருந்தன. கோழிச் செள்ளு.

எனக்கு அட்டை தெரியும். மலையில் மழை பெய்தால் காலில் ஏறாத அட்டை கிடையாது, புகையிலையும் சுண்ணாம்பும் தடவிக்கொண்டு நடப்போம். செள்ளு எனக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்துக் கோழிகள் காய் உலர்த்துகிற கூடத்துப் பரணில், ஓயாத புகையில் அடைகிறவை. அந்தப் புகையில் எந்தப் பூச்சியும் குடியிருக்காது. போடி வீட்டிலோ என் அப்பாவுக்குக் கோழி நாற்றமே ஆகாது.

பேச்சி விளக்கினாள். செள்ளு பகலெல்லாம் மூங்கில் வெடிப்பிலும் கட்டுக் கயிற்றிலும் ஒளிந்து கிடக்கும். இருட்டியதும் வெளியே வந்து கோழியைக் குடிக்கும், விடியுமுன் திரும்ப இடுக்குக்குள் போய்விடும். கிணற்றடி வெயிலில் இருந்தவரை கொஞ்சமாக இருந்தது, நிழலுக்கு வந்ததும் பெருகிவிட்டது. கோழிகள் பொறுக்க மாட்டாமல் மரத்துக்குப் போய்விட்டன. மிச்சக் கோழிகளை மாப்பிள்ளை தின்றுவிட்டார். செள்ளுக்கும் வயிறு உண்டல்லவா. சுவர் வெடிப்பு வழியாக உள்ளே வந்து பார்த்திருக்கிறது. அங்கே சுவரோரமாகக் கயிற்றுக் கட்டில், கட்டில்மேல் கோழி தின்று கொழுத்த நான்.

எனக்காகக் கோழி அடிக்க அடிக்க என்னைக் கடிக்கும் கூட்டம் கூடியிருக்கிறது. தரையில் வேப்பிலைமேல் கிடந்தபோது அந்தக் கசப்பு வாடைக்கு அவை நெருங்கவில்லை. அம்மனை அனுப்பிவிட்டுக் கட்டிலைப் போட்டதும் பழையபடி பந்தி நடந்திருக்கிறது.

மரியாதைக்கு மரியாதை

நான் துள்ளி எழுந்தேன். "வா, உங்கய்யாகிட்டச் சொல்லுவோம். பெருவியாதியாம்ல, பெருவியாதி."

அவள் குறுக்கே நின்றாள். "சொன்னா கெட்டுச்சு காரியம்."

"ஏன்?"

"மாப்ளையச் செள்ளுக்கு எரையாப் போட்டீகன்னு எங்கய்யா மொகத்துக்கு நேரா சொல்லப் போறீகளா? ஆத்தான்னு ஊரெல்லாம் சொன்னது அவருதான். எங்க வீட்ல செள்ளான்னு நிப்பாரு. ரெண்டு பேருக்கும் பேச்சு முத்தும். நீங்க ஒத்தையில மலையேறுவீக. நான் இங்கனயே கெடந்து மேகத்த அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கணும்."

அவள் கண் கலங்கிவிட்டது. அதைத் துடைக்கப் போய், செள்ளு ஒட்டிய விரல் என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். நான் என் துண்டால் துடைத்துவிட்டேன்.

"அவராவே தெரிஞ்சுக்கிடணும்" என்றாள். அதற்கு வழியையும் அவளே சொன்னாள். அதைச் செய்ய வேண்டியது நான்.

சாப்பிட்டு முடித்துக் கைகழுவியதும் மாமனார் முன்னால் போய் நின்றேன். "மாமா, நான் நாளைக்குக் கெளம்புறேன். இத்தன நாளு பெரியவுகள வெளிய படுக்க விட்டுட்டு நான் கட்டில்ல படுத்ததே எனக்கு மனசு ஒப்பல. இன்னைக்கு ஒரு ராத்திரி நீங்க கட்டில்ல படுங்க. நான் வாசல்ல படுத்துக்கிர்றேன்."

அவருக்கு அதிர்ச்சி. "மாப்ளைக் கட்டில்ல நானா? அதெல்லாம் மொறையில்ல."

"நீங்க படுத்தா எனக்கு ஆசீர்வாதம் மாமா."

"வேணாம் மாப்ளே."

"அப்ப என் கட்டில்ல படுக்க யோசிக்கிறீகன்னு நான் எடுத்துக்கிடலாமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் நோய்க்குப் பயந்துதான் படுக்க மறுக்கிறார் என்று நான் சொல்லாமல் சொல்லிவிட்டேன். அந்தச் சந்தேகம் அவர் மனதில் இருந்தது என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. கிளம்பப் போகிற மாப்பிள்ளையை இப்படி அவமதித்து அனுப்ப அவரால் முடியாது. பயம் ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம். மானம்தான் ஜெயித்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தூக்குமேடைக்குப் போகிறவர்போல உள்ளே போனார். அந்த ஒரு விஷயத்துக்காக நான் இன்றும் அவரை மதிக்கிறேன்.

நான் வாசலில் படுத்தேன். கல்யாணமானதிலிருந்து அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

காலையில்

விடிந்ததும் கொல்லைப் பக்கம் போனேன். மாமனார் வேப்பமரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எருமை தேய்ப்பதுபோல மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு, மரத்தின் உச்சியை ஆராய்ந்தார்.

"இந்த வருசம் பூ கொஞ்சம்தான்" என்றார்.

"ஆமா மாமா."

அப்போது மாமியார் வந்தார். கணவர் முதுகைப் பார்த்தார். "அய்யய்யோ, உங்களுக்கும் ஆத்தா முத்துப் போட்டுட்டாளே. பேச்சி, வேப்பல ஒடிச்சுக் கொண்டா. பூசாரிக்குச் சொல்லிவிடு."

மாமனார் முகத்தில் தழும்புகள் எல்லாம் ஒருசேரச் சிவந்தன. அம்மை ஓர் உடம்புக்கு ஒரு தடவைதான் வரும் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அதற்குச் சாட்சியாகத் தன் முகத்தையே காட்டுவார். இப்போது படுத்து வேப்பிலை போட்டுக்கொள்ளவும் முடியாது, அரிப்பை மறைக்கவும் முடியாது. கொடாப்பைப் பார்த்தார். முருங்கை மரத்துக் கோழிகளைப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தக் கொடாப்பு பழசாப் போச்சு. பிரிச்சு எறிங்க" என்றார். அவ்வளவுதான்.

செள்ளை விரட்டிய விதம்

இனி எழுதுவது, கோழி வளர்க்கிற வீடுகளுக்காக. பேச்சி சொல்லச் சொல்ல எழுதுகிறேன், விட்டுப்போனால் பொறுப்பு அவளுடையது.

கொடாப்பைப் பிரித்து, உட்காருகிற மூங்கில் கம்புகளையும் கட்டுக் கயிற்றையும் கொளுத்தினோம். மூங்கிலில் வெடிப்பு அதிகம், செள்ளுக்கு அதைப்போல அரண்மனை வேறில்லை. கால் மரங்களில் கொப்பரை கொப்பரையாகக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினோம். உள்ளே கிடந்த வைக்கோலும் எச்சமும் நெருப்புக்குப் போயின. அறைச் சுவர் வெடிப்புகளைச் சாணமும் மண்ணும் வைத்து அடைத்து, இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்தோம். மாப்பிள்ளைக் கட்டிலின் கயிற்றையே உருவி எரித்துவிட்டு, சட்டத்துக்கு வெந்நீர் காட்டி வெயிலில் போட்டோம்.

புதுக் கொடாப்பு பழைய இடத்துக்கே, கிணற்றடி வெயிலுக்கே போயிற்று. இந்த முறை சுவரைத் தொடாமல் வைத்தோம். உள்ளே வழவழப்பாக இழைத்த பூவரசங்கம்பு, எந்த நேரமும் உருவி எடுக்கிற மாதிரி. கம்பின் முனைகளில் வேப்பெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து தடவினோம். கொடாப்பின் கால்கள் ஒவ்வொன்றையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, மேலே இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டோம். அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழி நிறையக் கொட்டி வைத்தோம். கோழிகள் அதில் விழுந்து புரண்டு தாங்களே குளித்துக்கொண்டன.

மாமனார் அன்றைக்கெல்லாம் தாமே வெந்நீர் சுமந்தார். மாலையில் என் பக்கத்தில் வந்து, வேறெங்கோ பார்த்தபடி, "நாளைக்கு நல்ல நாளுதான். புள்ளையக் கூட்டிக்கிட்டுக் கெளம்புங்க" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது பேச்சி கொப்பரையோடு வந்து நின்றாள். "இன்னும் ஒரு வாரம் போகட்டும்யா" என்றாள்.

"எதுக்கு?"

"இடுக்குல கெடக்குற பூச்சி முட்டையெல்லாம் இனிமேத்தான் பொரிக்கும். ஒரு தடவ ஊத்துனா தீராது. ரெண்டாம் வெந்நியும் ஊத்திட்டுத்தான் கெளம்புவேன். நான் போயிட்டா அம்மா ஊத்தாது."

மலையில் காய் பழுத்துக்கொண்டிருந்தது. அப்பாவிடமிருந்து ஆள்மேல் ஆள் வந்தது. நானோ சிலமலையில் இன்னும் ஒரு வாரம், மிஞ்சிய கோழிகளைப் பேச்சி அடிக்க விடாததால் முருங்கைக்கீரை தின்றுகொண்டு, உலகத்திலேயே சந்தோஷமான மனிதனாகக் கிடந்தேன்.

இரண்டாம் வெந்நீரும் ஊற்றியான பிறகு ஒரு சாயங்காலம், கோழிகள் முருங்கை மரத்திலிருந்து இறங்கித் தாமாகவே கொடாப்புக்குள் போயின. மறுநாள் கிளம்பினோம்.

ஊர் எல்லைவரை சொந்தமெல்லாம் வந்து நின்றது. மாமனார் இரண்டு கைகளிலும் ஒரு சேவலையும் ஒரு கோழியையும் கொண்டுவந்தார், மகளுக்குச் சீதனமாக. எல்லோரும் பார்க்க அவற்றைத் தலைகீழாகப் பிடித்து, இறக்கையை விரித்து, அடியிறகை ஊதி ஊதிக் காட்டினார்.

"நல்லாப் பாத்துக்கங்க மாப்ளே. சுத்தம்" என்றார்.

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு தடவைதான். மலைப்பாதையில் பாதி ஏறியதும் மேகம் வந்து எங்களை மூடியது. பேச்சி சேவலை என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் மேகத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

அந்தக் கட்டில்

மாமனாருக்குப் பிறகு அந்தக் கட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் மகளுக்குக் கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளை மறுவீட்டுக்கு வரவேண்டிய சமயம். பேச்சி பின்னறையில் கட்டிலைப் போட்டு, புதுக் கயிறு கட்டி, மெத்தை விரித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ளை நாளைக்குத்தான வர்றாரு?" என்றேன்.

"ஆமா. இன்னைக்கு நீங்க இதுல படுங்க."

"எதுக்கு?"

"சும்மா படுங்க."

படுத்தேன். விடிந்ததும் அவள் வந்து என்னை எழுப்பி, வாசல் வெளிச்சத்தில் திருப்பி நிறுத்தினாள். பிடரியிலிருந்து இடுப்புவரை, முழங்கை மடிப்பு, கழுத்தோரம் என்று ஓரிடம் விடாமல் பார்த்தாள். ஒரு தடிப்பும் இல்லை.

"சரி, இனி மாப்ளையப் படுக்க வைக்கலாம்" என்று சொல்லிவிட்டு, விருந்துக்குக் கோழி பிடிக்கப் போனாள்.